தீ எப்படி நகர்கிறது: சோகை எரிப்பு, காட்டுத் தீ, மரபுத் தீ பற்றி ஓர் எளிய விளக்கம்

தை பிறந்து கரும்பு வெட்டு மும்முரமானால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த தோகை, எரியும். மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் வந்து விழுந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஒருவர், "காட்டுத் தீ மாதிரி எரியுது, கேட்க ஆளில்ல" என்பார். இன்னொருவர், "எங்க தாத்தா காலத்துலேர்ந்து எரிக்கிறதுதாங்க, சாம்பல் மண்ணுக்கு உரம்" என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, நிறையக் குழப்பமும் உண்டு.

சோகை எரிப்பு, காட்டுத் தீ, மலைவாழ் மக்கள் காலம் பார்த்து வைக்கும் தீ ஆகிய மூன்றும் வெவ்வேறு. எல்லாவற்றையும் "தீ" என்ற ஒரே சொல்லில் போட்டுப் பேசுவதால்தான் வாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை. தீ எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் மூன்றும் தானாகப் பிரிந்து நிற்கும்.

முதலில் விறகடுப்பு

விறகடுப்பு மூட்டியவர் யாரும் தீக்குச்சியை நேராகப் புளியங்கட்டையில் வைப்பதில்லை. முதலில் தென்னம்பன்னாடை, அதன்மேல் சுள்ளி, கடைசியில்தான் கட்டை. காரணம், கட்டை நேரடியாக எரிவதில்லை. சூடேறும் கட்டையிலிருந்து வெளியேறும் வாயுதான் சுடர்விட்டு எரிகிறது. மரம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டும்போதுதான் அந்த வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்கு வரும். அதற்கு முன் உள்ளேயிருக்கும் ஈரம் முழுக்க ஆவியாக வேண்டும். ஈர விறகு 'உஸ்' என்று நுரை தள்ளிப் புகையும்போது நடப்பது அந்த வேலைதான்.

வயலிலும் காட்டிலும் இதே கணக்குதான். தீக்கு இரையாகும் காய்ந்த இலை, புல், சுள்ளி, கட்டை எல்லாவற்றையும் இனி எரிபொருள் என்றே சொல்வோம். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதன் பருமனும் ஈரமும்தான் முக்கியம். 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல், சருகு, சோகை போன்றவை சுற்றுக்காற்றின் வறட்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். விரல் பருமன் குச்சிக்கு 10 மணி நேரம் ஆகும். மணிக்கட்டுப் பருமன் கட்டைக்கு 100 மணி நேரம், அதாவது நான்கு நாள்.

அதனால்தான் "நேத்துதானே மழை பெஞ்சுது, தீ பத்தாது" என்று நினைப்பது ஆபத்து. கட்டை ஈரமாகவே இருக்கும். ஆனால் காலைப் பனியில் நமத்துப்போன புல் முற்பகலுக்குள் மொறுமொறுவென்று ஆகியிருக்கும்.

கார்த்திகை தீபத்தன்று கொளுத்தும் சொக்கப்பனையை நினைத்துப் பாருங்கள். பனை ஓலையை நிமிர்த்தி, இடையிடையே காற்றுப் புகும்படி கட்டுகிறோம். அடியில் வைத்த தீ கண் சிமிட்டும் நேரத்தில் உச்சிக்குப் போய்விடும். அதே ஓலையைத் தரையில் பரப்பி மிதித்துவிட்டுக் கொளுத்தினால் புகைந்துகொண்டே கிடக்கும். சூடு மேலே போகும், மேலே இருப்பதைக் காயவைக்கும், காய்ந்தது பற்றும். தீ மேட்டில் வேகமாக ஏறுவதும் இதனால்தான். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கணக்கு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது காய்ந்த புல் நிறைந்த மலைச்சரிவில்.

சமவெளியில் காற்றுதான் மேடு

கடலூரிலும் புதுச்சேரியிலும் கேப்பர் மலையை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி சரிவு இல்லை. இங்கே அந்த வேலையைக் காற்று செய்கிறது. காற்று சுடரைச் சாய்த்து, முன்னால் இருக்கும் எரிபொருளின்மேல் படுக்கவைக்கிறது.

காற்று போகும் பக்கமே ஓடும் தீயை முன்தீ என்றும், காற்றை எதிர்த்து ஊர்ந்து வரும் தீயைப் பின்தீ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கரும்பு வயலிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெட்டு முடிந்த ஓர் ஏக்கரில் சுமார் 4 டன் சோகை கிடக்கும். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. காய்ந்த சோகை ஒரு கிலோ எரிந்தால் சுமார் 18,000 கிலோஜூல் வெப்பம் வரும். முன்தீ நொடிக்கு 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் (இது பெரிய வேகமே இல்லை), தீ வரிசையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலிருந்தும் 1,800 கிலோவாட் வெப்பம் கிளம்பும். வீட்டில் உள்ள 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 900-ஐ ஒரே மீட்டரில் அடுக்கி எல்லாவற்றையும் முழுச் சூட்டில் வைத்தது போல. இந்த அளவைத் தீயின் தீவிரம் என்பார்கள்.

அதே சோகை, அதே நேரம். தீயை மட்டும் காற்று போகும் பக்கத்து எல்லையில் வைத்துப் பின்தீயாக வரவிட்டால், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். தீவிரம் 180 கிலோவாட். மீட்டருக்குச் சுமார் 350 கிலோவாட்டுக்குள், சுடர் நாலடிக்குள் இருக்கும்வரை பச்சைத் தழையாலும் மண்வெட்டியாலும் ஆட்கள் நெருங்கி அணைக்கலாம். அதைத் தாண்டினால் கிட்டவே போக முடியாது. ஆக, ஒரே வயலில் கட்டுக்குள் அடங்கும் தீயும் அடங்காத தீயும் இருக்கின்றன. எது வரும் என்பதை எந்த மூலையில் தீக்குச்சி கிழிக்கிறோம் என்பது முடிவு செய்கிறது. பலரும் காற்று வரும் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்ற அவசரம்தான்.

கடற்கரை மாவட்டத்துக்கே உரிய கண்ணி ஒன்றும் இருக்கிறது. கோடையில் விடியற்காலை காற்று நிலத்திலிருந்து கடலுக்கு, அதாவது மேற்கிலிருந்து மெல்ல வீசும். நிலம் சூடேறியதும் முற்பகல் முடிவிலோ நண்பகலிலோ கிழக்கிலிருந்து கடற்காற்று நுழையும். காலை 10 மணிக்குக் கிழக்கு எல்லையில் வைத்த தீ, மேற்குக் காற்றை எதிர்த்து அடக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கடற்காற்று திரும்பியதும் அதே தீ முன்தீயாகி மேற்கே பாயும். யாரும் எதையும் தொடவில்லை, காற்று மட்டும் மாறியது. ஆனி, ஆடியில் வேறு சிக்கல். வறண்ட மேல்காற்று பலமாக அடிப்பதால் கடற்காற்று தாமதமாக வரும்; சில நாள் வரவே வராது. அம்மியைப் பறக்கவைக்கும் காற்று தீப்பொறியை விட்டுவைக்காது.

*இதுவரை:* எரிவது வாயு. மெல்லிய எரிபொருள் ஒரு மணி நேரத்தில் காயும். தீ மேலேயும் காற்று போகும் பக்கமும் ஓடும். வைக்கும் இடத்தை மாற்றினாலே தீவிரம் பத்தில் ஒன்றாகலாம்.

காட்டுத் தீ என்பது எது?

யாரும் திட்டமிடாமல், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் காட்டிலோ புல்வெளியிலோ பரவுவதே காட்டுத் தீ. இந்தியாவில் பெரும்பாலானவை தரைத்தீ; சருகும் புல்லும் எரியும், மரம் நிற்கும். மரத்தின் தலை விட்டுத் தலை தாவும் உச்சித்தீயை அமெரிக்கச் செய்திகளில் பார்த்திருப்போம், நம் பக்கம் அது அரிது. மூன்றாவது, மண்ணுக்கு அடியில் சுடர் இல்லாமல் கனலும் அடித்தீ. குவித்து வைத்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி தானே சூடேறிக் கனலும் என்று கேள்விப்பட்டிருந்தால், அதே குணம்தான்.

இடையில் ஒன்று: செயற்கைக்கோள் வரைபடத்தில் கடலூர் மாவட்டத்தின் மேல் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு "இவ்வளவு காட்டுத் தீயா" என்று பகிர்பவர்கள் உண்டு. கருவி பார்ப்பது சூட்டை மட்டும்தான். சோகை எரிந்தாலும் புள்ளி விழும்.

பனை பிழைக்கிறது, முந்திரி ஏன் சாகிறது?

முந்திரி, வேம்பு, மா போன்ற மரங்களில் பட்டைக்குக் கீழே மெல்லிய வளர்படலம் ஒன்று தண்டைச் சுற்றி இருக்கும். புதுக் கட்டையும் புதுப் பட்டையும் அதிலிருந்துதான் உருவாகின்றன. அது 60 டிகிரி சூட்டில் செத்துவிடும். ஒரு பக்கம் வெந்தால் காயத்தோடு மரம் பிழைக்கும். சுற்றிலும் வெந்தால் சில மாதத்தில் பட்டுப்போகும். பட்டையின் தடிமன் இரட்டித்தால் சூடு உள்ளே போக நான்கு மடங்கு நேரம் ஆகும். அதனால்தான் ஒரே தீயில் முதிர்ந்த மரம் நிற்க, கன்று சாகிறது.

பனைக்கு அந்த வளையமே கிடையாது. நீரும் சத்தும் ஏறும் நார்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் கருகினாலும் உள்ளே பாதை திறந்திருக்கும், குருத்து உச்சியில் பத்திரமாக இருக்கும். ஆனால் இளம் வடலிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அதன் குருத்து தரைமட்டத்தில் இருக்கிறது. வரப்பு எரிக்கும்போது பெரிய பனை கருகியபடி நிற்பதைப் பார்த்து "ஒண்ணும் ஆகல" என்கிறோம். அடுத்த தலைமுறைப் பனை அதே வரப்பில் எரிந்துபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை.

புல்லுக்கும் கரும்புக்கும் மறுபடி துளிர்க்கும் மொட்டு மண்ணுக்குள் இருக்கிறது. மெல்லிய தீ மேலே ஓடினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு அவ்வளவாக எட்டாது. குவித்து எரிப்பதுதான் மண்ணைக் கொல்லும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கனன்று, மண் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும்; அந்த வட்டத்தில் விதையும் இருக்காது, நுண்ணுயிரும் இருக்காது.

சாம்பல் உரமா?

வைப்புத்தொகையை முதிர்வதற்கு முன்பே உடைத்தால் கையில் காசு புரளும், வட்டி போகும். சாம்பலும் அப்படித்தான். செடியில் பூட்டிக்கிடந்த பொட்டாசியம், சுண்ணாம்பு, கொஞ்சம் பாஸ்பரஸ் ஆகியவை உடனே கரையும் வடிவத்துக்கு வருகின்றன. எரித்த பிறகு முதல் துளிர் பச்சையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். புதிதாக எதுவும் சேரவில்லை. நைட்ரஜன் 200 டிகிரியிலேயே புகையோடு போக ஆரம்பித்துவிடும். கரிமமும் போய்விடும். மிச்சச் சாம்பலையும் பாதி காற்றும் பாதி முதல் மழையும் கொண்டுபோகும்.

கரும்புச் சோகையில் நைட்ரஜன் 0.35 முதல் 0.42 சதவீதம். ஏக்கருக்கு 4 டன் என்றால் 14 முதல் 17 கிலோ நைட்ரஜன். யூரியாவாகச் சொன்னால் 30 முதல் 37 கிலோ, 45 கிலோ மூட்டையில் ஏறத்தாழ முக்கால் மூட்டை. இதைக் கொளுத்திவிட்டு அதே வாரம் கடையில் யூரியா வாங்குகிறோம்.

அப்படியானால் விவசாயிக்கு இது தெரியாதா? தெரியும். கரும்பின் அடிக்கட்டையைச் சீவி மறுதாம்புக்கு (அதே தூரிலிருந்து வளரும் அடுத்த பயிருக்கு) விட வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, சோகைக்குள் எலியும் பாம்பும் அடையும், அடுத்த தண்ணீர் முறைக்குள் வயல் சுத்தமாக வேண்டும். எரிப்பதைக் குற்றமாக மட்டும் பேசுபவர்கள் ஏக்கருக்கு 4 டன்னை வாரிக் கட்ட ஒருமுறை கூலி கேட்டுப் பார்க்கலாம்.

மாற்று இருக்கிறது, அதிலும் தவறு நேரும் இடம் உண்டு. சோகையை ஒரு சால் விட்டு ஒரு சாலில் மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாக, போடுவது எளிய முறை. வைக்கோலைப் போலவே சோகையிலும் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் நைட்ரஜனை முதலில் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். பயிர் கொஞ்ச நாள் மஞ்சளாகும். "மூடாக்குப் போட்டேன், பயிர் வெளுத்துப்போச்சு" என்று கைவிட்டவர்கள் பலர். போட்ட உடனே சாணக் கரைசலும் கொஞ்சம் யூரியாவும் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இந்த மஞ்சள் பெரும்பாலும் தவிர்ந்துவிடும். நடவு வயலில் சோகை மூடாக்கு இளங்குருத்துப் புழுவைக் குறைக்கிறது. பூச்சி சாகும் என்று எரிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். செவ்வழுகல் நோய் வந்த தூர் மட்டும் விதிவிலக்கு. அதைப் பிடுங்கி எரிப்பதுதான் சரி.

மரபுத் தீ என்றால் என்ன?

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் வைத்த தீக்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். சருகுத் தீ என்று பொருள். மழை முடிந்து, எல்லாம் முழுதாகக் காய்வதற்கு முன், தை மாசி வாக்கில் வைப்பார்கள். சுடர் முழங்காலைத் தாண்டாது. கீழே சருகு எரியும், உண்ணிச்செடி (லாண்டானா) கன்று கருகும், நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகாமல் இருக்கும், புது வழி திறக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், 1974-ல் அந்தக் காடு சரணாலயமாகி, தீ நின்றது. பிறகு உண்ணிச்செடி காட்டை மூடியது. தீ நின்றதே முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. அந்தச் செடி எரியாத இடங்களிலும் எரிந்த இடங்களிலும் பரவியிருக்கிறது. ஆனால் ஆள் உயரப் புதராகிவிட்ட உண்ணிச்செடிக்குள் இன்று ஒரு தீ நுழைந்தால், அது முழங்கால் தீயாக இருக்காது.

வடக்கு ஆஸ்திரேலியாவின் அர்னெம் நிலத்துப் பழங்குடிகளும் இதே தர்க்கத்தில் இயங்குகிறார்கள். வறட்சிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அங்கங்கே திட்டுத் திட்டாக எரித்துவிடுவார்கள். பருவக் கடைசியில் பெருந்தீ கிளம்பினால் ஏற்கெனவே எரிந்த திட்டில் முட்டி நிற்கும். 2006 முதல் அங்கே இதை முறையான திட்டமாகவே நடத்துகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 1935-ல் அமெரிக்க வனத்துறை எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதி போட்டது. அடிக்கடி சிறு தீ கண்டு பழகிய பைன் காடுகளில் பல பத்தாண்டுச் சருகும் புதரும் சேர்ந்துகொண்டன.

நமக்குக் கிட்டத்தில் கல்வராயன் மலை. அங்கே வெட்டி, காயவைத்து, எரித்து, சாமை கேழ்வரகு விதைத்த புனங்களில் எரிப்பு ஒரு நாள் வேலை. இரண்டு மூன்று வெள்ளாமைக்குப் பின் பல ஆண்டு தரிசாக விட்டதுதான் முறையின் உயிர். தரிசை எடுத்துவிட்டால் சரிவு மண் கழுவி இறங்கும். அந்த மலையிலிருந்து வரும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் சேர்ந்து நம் மாவட்டத்துக்குள்தான் வருகின்றன.

*இதுவரை:* மரபுத் தீ என்பது பருவத் தொடக்கம், சிறு திட்டு, நீண்ட இடைவெளி, பக்கத்திலேயே ஆள். வருடா வருடம் ஒரே வயலில் மொத்தமாக எரிப்பதில் இந்த நான்கில் கடைசியாவது இருந்தால் நல்லது.

இந்த மண்ணுக்கு எந்தத் தீ?

சோலிகர் காட்டுக்குப் பொருந்தியது புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் பொருந்தாது. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் இப்படிப்பட்ட கோயில் காடுகளில்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி என்று தடித்த இலை மரங்கள் நெருங்கி நின்று தரையை நிழலில் வைத்திருக்கும். சருகைக் கறையானும் ஈரமும் தின்றுவிடும். இங்கே எரிபொருளைக் குறைக்கத் தீ தேவையே இல்லை. ஒரு முறை எரிந்தால் கன்றுகள் சாகும், மேலே ஓட்டை விழும், வெயில் இறங்கும், புல்லும் முள்ளும் ஏறும். புல் ஆண்டுதோறும் காயும், அடுத்த தீ சுலபமாக வரும். நாலைந்து சுற்றில் காடு முட்புதராகிவிடும். "முன்னோர் எரித்தார்கள்" என்பதை இங்கே கொண்டுவந்து வைப்பது தவறு. இந்தக் காட்டைச் சாமி பேரைச் சொல்லிச் சுள்ளிகூட ஒடிக்காமல் விட்டதுதான் முன்னோர் செய்தது.

சவுக்குத் தோப்பு இன்னும் மோசம். ஊசிச் சருகு மெத்தை போலச் சேரும், சீக்கிரம் மட்காது, அடியில் காற்றோட்டம் உண்டு. மரமோ தீயைத் தாங்காது, எரிந்தால் அடியிலிருந்து சரியாகத் துளிர்ப்பதும் இல்லை. மிளாறை (வெட்டிய சிறு கிளைகளை) தோப்புக்குள் குவித்து வைக்காமல் வெளியேற்றுவதே வழி.

முந்திரியில் சிக்கல் கிளைகள். அவை தாழ்ந்து தரையைத் தொடும். தரைத்தீ அந்தக் கிளையைப் பிடித்து ஏணியில் ஏறுவது போல மேலே போய்விடும். பங்குனி, சித்திரையில் கொட்டை விழும் என்பதால் அதற்கு முன் எப்படியும் அடியைச் சுத்தம் செய்கிறார்கள். கூட்டிய சருகை மரத்தடியிலேயே கொளுத்தாமல், இரு வரிசைக்கு நடுவில் பள்ளம் வெட்டிப் போட்டு மண் தள்ளினால் கோடை மழை நீரும் அங்கே நிற்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்தது போல மரங்கள் கூட்டமாக விழுந்தால் கணக்கே மாறும். முதல் மாதம் இலை காயும், அடுத்த கோடைக்குள் கட்டையும் காய்ந்துவிடும். அந்த முதல் கோடையில் தோப்பைச் சுற்றித் தீ தாண்டாதபடி மண் தெரியும் வழி எடுப்பதுதான் முதல் வேலை.

வரப்புப் புல்லை எரித்தே ஆக வேண்டும் என்றால்

காப்புக்காட்டிலும் அதன் ஓரத்திலும் எரிப்பதை மறந்துவிடுங்கள். 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குத் தீ வைப்பது குற்றம், ஓரத்தில் வைத்தது உள்ளே போனாலும் மாட்டுவீர்கள். சொந்த நிலத்து வரப்பு என்றால், முதலில் சுற்றிலும் மண் தெரியச் செதுக்க வேண்டும். எதிர்பார்க்கும் சுடரின் உயரத்தைப் போல் இரு மடங்காவது அகலம் வேண்டும். முழங்கால் சுடருக்கு மூன்றடி, இடுப்புச் சுடருக்கு ஆறடிக்கு மேல். வேர்வரை செதுக்காமல் புல்லை மட்டும் அரிந்துவிட்டால் அடித்தாளில் தீ ஊர்ந்து கடந்துவிடும். அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

பக்கத்தில் காய்ந்த ஓலை தொங்கும் பனை இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஓலை பற்றினால் எரியும் துண்டு காற்றில் பறந்து செதுக்கிய வழியைத் தாண்டி விழும், எத்தனை அடி செதுக்கினாலும் பயனில்லை. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் சுருட்டி எடுத்துவிட வேண்டும். குறைந்தது மூன்று பேர், தண்ணீர் நிரப்பிய கைத்தெளிப்பான் இரண்டு, பச்சை வேப்பந்தழை. தீ மீறினால் 101 அல்லது 112.

நேரம்: பனி உலர்ந்து, கடற்காற்று வருவதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மணி நேரம். காற்று போகும் பக்கத்து எல்லையில் வைத்து, பின்தீயாக இழுத்து வர வேண்டும். ஒரு கைப்பிடிப் புழுதியைத் தூவிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். கால் மணிக்கு ஒருமுறை தூவுங்கள். புழுதி திசை மாறி விழுந்தால் எரிந்தவரை போதும், அணைத்துவிட வேண்டும்.

சுடர் அடங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவதுதான் மிச்சப் பிழை. பனந்தூரும் பழைய வேரும் உள்ளுக்குள் இரண்டு நாள்கூடக் கனலும், புகை தெரியாது. சாம்பலுக்கு மேலே புறங்கையைக் கொண்டுபோனால் சூடு உறைக்கும். அங்கே மண்வெட்டியால் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கிளறிப் பார்க்க வேண்டும். மறுநாளும் கடற்காற்று எழுவதற்கு முன் ஒரு முறை போய், அதே இடத்தில் கையை வைத்துப் பாருங்கள்.